கிண்ணத்தின் அடியிலுள்ள பெயர்

எருசலேமுக்குச் செல்லும் திருநாட்டுப் பயணக் குழுக்கள் திரும்பும் வழியில் ரோமையும் பிளாரன்சையும் கண்டு வருவது இன்று நம் சபைகளில் அரிதான செய்தியன்று. சென்று வந்த ஆயர்கள் தாம் கண்ட அருங்காட்சியகங்களையும் ஆலயங்களையும் பற்றிச் சபையாருக்கு எடுத்துரைக்கின்றனர், படங்களையும் காட்டுகின்றனர். இவ்வுரைகளைப் பலமுறை கேட்டபின் நமக்குள் ஒரு வினா எழுகிறது. அருங்காட்சியகத்தில் நாம் எதனைக் காண்கிறோம்? எதனைக் காணாமலேயே வெளியே வருகிறோம்? மனிதரைக் காணும் முறையைப் பற்றிய வினாவாதலால் இது இறையியல் வினாவுமாகும்.

இதனை ஆராய இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, இத்தாலியில் பிளாரன்சுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரெத்சோ. மற்றொன்று, புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மரக்காணம். முன்னது அருங்காட்சியகங்களும் சுவரோவியங்களும் நிறைந்த பழம்பெரும் நகரம். பின்னதைக் கடந்து செல்வோர் பேருந்தின் சன்னல் வழியாகக் காண்பவை உப்பளங்கள். இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் இணைப்பது செயற்கை எனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இவற்றை முதலில் இணைத்தது நாம் அல்ல. சிவந்த மட்கிண்ணம் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இணைத்துவிட்டது.

1. கடல் கடந்த கிண்ணம்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் தமிழகத்தின் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களை அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் மரக்காணமே என்பது அவர்தம் துணிபு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் நெய்தல் நிலப் பட்டினம் அது.

1944ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்த மதுச்சாடித் துண்டு ஒன்றைக் கண்டார். அது மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்தது என உடனே உணர்ந்து புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்த பொருள்களுக்கிடையே மெருகேறிய சிவப்பு மட்கலத் துண்டுகள் இருந்தன. அவை அரெத்சோவின் பெயரால் வழங்கும் மட்கல வகையைச் சேர்ந்தவை. அவ்வகைக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தமையால், 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் காலம் குறிக்க அவை அளவுகோலாயின. அத்துண்டுகள் யாவும் அரெத்சோவிலேயே செய்யப்பட்டவை அல்ல என்றும், வேறு பட்டறைகளின் கலங்களும் அவற்றுள் உண்டு என்றும் பின்வந்த ஆய்வுகள் திருத்தின. ஆயினும் தென்னிந்தியத் தொல்லியலின் கால அட்டவணைக்கு அந்த இத்தாலிய நகரத்தின் பெயர் ஒரு திறவுகோலாய் அமைந்தது என்பது மறுக்கவியலாதது.

இங்கேயே நம் முதல் திறனாய்வைச் சொல்லிவிடலாம். வீலர் தம் அறிக்கையில் அரிக்கமேட்டை ‘இந்திய-ரோமானிய வணிக நிலையம்’ என்றார். கலம் ரோமானியமாகையால் ஊரும் பாதி ரோமானியமாயிற்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது, ரோமானியத் தொடர்புக்கு முன்னரே அங்கு ஊர் இருந்தது என்பதும், அத்தொடர்பு குன்றிய பின்னரும் அது வாழ்ந்தது என்பதும் தெளிவாயின. மணி செய்தோரும் பானை வனைந்தோரும் வலை வீசியோரும் வாழ்ந்த ஊருக்கு, வந்துபோன விருந்தினரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. பொருளைக் கொண்டு மனிதரை அளப்பதால் நேரும் பிழை இது.

2. அரெத்சோவில் காணத் தக்கவை

அரெத்சோவுக்குச் செல்லும் பயணி மூன்று இடங்களைத் தவறாது காண்கிறார். முதலாவது, தொல்லியல் அருங்காட்சியகம். ரோமானியர் காலத்து வட்டரங்கின் இடிபாடுகளின் மேல் எழுந்த பழைய துறவிமடம் ஒன்றில் அது இயங்குகிறது. அங்குள்ள சிவப்பு மட்கலங்கள் உலகப் புகழ் பெற்றவை. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நகரத்துப் பட்டறைகள் இவற்றை வார்ப்புகளில் இட்டுப் பெருந்தொகையாகச் செய்து பிரித்தானியா முதல் தமிழகம் வரை அனுப்பின.

அவ்வருங்காட்சியகத்தின் பெயர் நம் கவனத்துக்குரியது. அரெத்சோவில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த மைகேனாஸ் என்பவரின் பெயரால் அது விளங்குகிறது. பேரரசர் அகுஸ்துவின் நண்பரும், வர்ஜில், ஓராஸ் முதலிய கவிஞர்களைப் புரந்தவருமாகிய செல்வர் அவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவர் பெயரே ‘புரவலர்’ என்னும் பொருளில் பொதுப்பெயராயிற்று. குயவர்களின் கைவண்ணத்தால் பெயர்பெற்ற காட்சிச்சாலை புரவலரின் பெயரைத் தாங்குகிறது. இதில் தவறு காண்பது நம் நோக்கமன்று. நல்லியக்கோடனை நாம் அறிவதும் புலவர் பாடிய புரவலனாகவே அன்றோ? அவன் பட்டினத்தில் உப்பு விளைவித்த ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது, ஜியார்ஜியோ வசாரியின் இல்லம். 1550இல் ஓவியர், சிற்பியர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை வெளியிட்டு, கலைஞனின் பெயரும் வாழ்வும் நினைக்கத்தக்கவை என ஐரோப்பாவுக்குக் கற்பித்தவர் அவர். அவரது குடிப்பெயரே கலம் வனைவோர் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. தம் பாட்டனார் பழங்காலத்து அரெத்சோக் கலங்களின் செய்முறையைத் தேடி ஆராய்ந்தவர் என்றும் அவர் எழுதியுள்ளார். குயவர் குடியில் வந்த ஒருவர் பெயர்களைத் தொகுத்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அவர் தொகுத்தவை மேதைகளின் பெயர்கள். பட்டறையில் மண் பிசைந்தோரின் பெயர்கள் அல்ல.

மூன்றாவது, புனித பிரான்சிசு ஆலயத்தின் பலிபீடப் பகுதியிலுள்ள சுவரோவியங்கள். பியரோ தெல்லா பிரான்செஸ்கா 1452ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி 1466க்குள் தீட்டி முடித்த ‘மெய்ச்சிலுவையின் வரலாறு’ அது. ஆதாமின் கல்லறையில் நடப்பட்ட மரம் சாலொமோன் காலத்தில் பாலமாகி, பின் புதைக்கப்பட்டு, இறுதியில் ஆண்டவரின் சிலுவையாயிற்று என்னும் இடைக்காலக் கதையைச் சுவர் முழுவதும் காண்கிறோம். கான்ஸ்தந்தீனின் கனவும் போர்வெற்றியும் அதில் உண்டு. ஓவியச் செலவை ஏற்ற பாச்சி குடும்பத்தார், பாரசீக மன்னன் தண்டிக்கப்படும் காட்சியில் சாட்சிகளாய் இடம்பெற்றுள்ளனர். இவ்வோவியங்களைச் செப்பனிடும் நெடும்பணி 2000ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இன்று நுழைவுச்சீட்டு பெற்று, குறித்த நேரத்தில், குறித்த எண்ணிக்கையினரே அவற்றின் அருகில் செல்லலாம்.

வழிபாட்டிடம் காட்சியிடமாகிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இருப்பினும் நாம் சுட்ட விழைவது வேறு. அச்சுவர்களில் பயணியர் பெரும்பாலும் விரைந்து கடக்கும் ஒரு காட்சி உண்டு. சாலொமோனின் கட்டளைப்படி அம்மரத்தைப் புதைப்பதற்காக ஆட்கள் மூவர் அதனைச் சுமந்து செல்கின்றனர். பியரோவின் வரைவைப் பின்பற்றித் துணை ஓவியர் ஒருவர் இதனைத் தீட்டினார் என்பர். முன்னே நிற்பவன் ஆடை கலைந்து, பாரத்தால் வளைந்து, உத்தரத்தைத் தலைக்குப் பின்னே தாங்குகிறான். அம்மரத்தின் வரிகள் அவன் தலைக்குப் பின்னே ஒளிவட்டம்போல் அமைந்துள்ளதைத் திறனாய்வாளர் சுட்டியுள்ளனர். சிலுவை சுமந்த ஆண்டவரின் முன்னிழலை ஓவியன் எவரிடத்தில் கண்டான் என்பதை நோக்குக. பேரரசன் கான்ஸ்தந்தீனிடத்தில் அன்று. செலவிட்ட செல்வரிடத்தில் அன்று. பெயரற்ற கூலியாளிடத்தில் கண்டான். இச்சிறு காட்சியை விட்டுவிட்டு வெற்றிக் காட்சியை மட்டும் படம்பிடித்து வருவோமாயின், அச்சுவர் கூறும் நற்செய்தியைத் தவறவிட்டவராவோம்.

3. அடியில் பதிந்த முத்திரை

மீண்டும் கிண்ணத்துக்கு வருவோம். அரெத்சோவின் எளிய சிவப்புக் கலங்களில் முத்திரை இடப்பட்ட இடம் கலத்தின் உட்புற அடிப்பகுதி. கிண்ணம் நிறைந்திருக்கும்போது அது தோன்றாது. பருகி முடித்தவன் குனிந்து நோக்கினால் மட்டுமே அங்கே ஒரு பெயர் தெரியும்.

அது யாருடைய பெயர்? பல முத்திரைகளில் இரண்டு பெயர்கள் உள்ளன: ஒன்று பட்டறை உடைமையாளரின் பெயர், மற்றொன்று அக்கலத்தைச் செய்த அடிமையின் பெயர். மார்க்கு பெரென்னியு என்பவரின் பட்டறை அவற்றுள் புகழ்மிக்கது. கெர்தோ, நிகெபோரு, பிலாதே என்னும் அவருடைய அடிமைகளின் பெயர்களை இன்றும் நாம் வாசிக்க முடிகிறது. இவற்றுட் பல கிரேக்கப் பெயர்கள். கீழ்த்திசை நாடுகளினின்று கொணரப்பட்ட அடிமைகளும் இப்பட்டறைகளில் உழைத்தனர். அரிக்கமேட்டுத் துண்டுகளிலும் இத்தகைய முத்திரைகள் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டில் காலடி வடிவச் சட்டத்துக்குள் பெயர் பொறிக்கும் வழக்கமும் பரவியது.

அடிமையின் பெயர் அழியாது நின்றதே என்று இதனைக் கண்டு நெகிழ்வோர் உண்டு. நாமும் முதலில் அவ்வாறே நெகிழ்ந்தோம். ஆனால் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெயர் மதிப்புக்காகப் பொறிக்கப்பட்டதன்று. சரக்கு எந்தப் பட்டறையது, எவன் கையால் ஆனது எனக் கணக்கறிய இடப்பட்ட குறி அது. ‘பெரென்னியுவின் கெர்தோ’ என்னும் தொடரில் அடிமையின் பெயர் எழுவாயாக நின்றாலும், அவனை ஆள்வது ஆறாம் வேற்றுமை. அவன் இன்னாருடையவன், அவன் செய்த கிண்ணமும் இன்னாருடையது. ஆகவே பெயர் எழுதப்பட்டிருத்தல் வேறு, பெயர் சொல்லி அழைக்கப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு நன்கு உணர்த்திய இடம் அரெத்சோ அன்று, மரக்காணம்.

4. உப்பளத்தின் பெயர்ப்பட்டியல்

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு இறையியல் மாணவர் குழு ஒன்றை ஒருமுறை அழைத்துச் சென்றோம். அரிக்கமேட்டுப் பொருள்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் கண்டோம். மாணவர்கள் நெடுநேரம் நின்ற இடம், தூப்ளேயின் கட்டில் எனக் காட்டப்படும் மரக்கட்டிலின் முன்னர்தான். ஆளுநர் படுத்த கட்டில் எவரையும் நிறுத்திவிடுகிறது. மட்கலத் துண்டுகளின் முன் நின்றோர் சிலரே.

திரும்பும் வழியில் மரக்காணத்தில் இறங்கினோம். முதலாம் இராசராசன் காலம் முதலான கல்வெட்டுகளைக் கொண்ட பூமீசுவரர் கோயில் அங்கே உள்ளது. அக்கல்வெட்டுகள் கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளோடு உப்பளங்களையும் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் உப்பு அரசின் கணக்கில் ஏறியிருந்தது. ஊருக்கு வடக்கே கடப்பாக்கத்தின் அருகில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750இல் தூப்ளே காலத்தில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது அது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அதனை மேலும் சிதைத்தது. கோயிலையும் கோட்டையையும் காணப் பயணியர் வருகின்றனர். இரண்டுக்கும் இடையே விரிந்து கிடக்கும் உப்பளங்களை எவரும் காணத்தக்க இடமாகக் கொள்வதில்லை. மற்றோர் இடத்துக்குச் செல்லும் வழியாகவே கொள்கின்றனர்.

தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்துத் தமிழ்நாட்டில் உப்புக்குப் பெயர்பெற்றது மரக்காணம். கழுவேலி ஏரியைக் கடலோடு இணைக்கும் கழியின் உவர்நீரே இவ்வளங்களுக்கு ஆதாரம். கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 பாகை. அதனைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் வற்றவைத்து, 25 பாகை அளவுக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். தை, மாசியில் பாத்திகளை மிதித்துச் செப்பனிடுவதில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை பணி நீடிக்கும். நீண்ட கோலில் பொருத்திய பலகையால் ஆண்கள் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பர். பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவர். வெண்மையிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைத் தாக்கும். உவர்நீர் பாதத்தை அரிக்கும். மழை தொடங்கியதும் வேலை இல்லை, கூலியும் இல்லை. அம்மாதங்களுக்கென மாநில அரசு அண்மை ஆண்டுகளில் உதவித்தொகை வழங்கத் தொடங்கியிருப்பது ஓர் ஆறுதல்.

நாங்கள் இறங்கிய நேரத்தில் சுமை இறக்கிவிட்டு வந்த முதிய பெண் ஒருவரிடம் மாணவர் ஒருவர் பெயரைக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பேருங்களா? கணக்குப் புக்குல இருக்குதுங்கய்யா. இங்க எல்லாரும் ஏம்மா, ஏம்மான்னுதான் கூப்புடுவாங்க.” பின்னர்த் தம் பெயரைச் சொன்னார். அவரது இசைவைப் பெறாமையால் அதனை இங்கு எழுதவில்லை. பெயர் கணக்கில் இருக்கிறது, அழைப்பில் இல்லை. அரெத்சோவின் முத்திரைக்கு இதனினும் தெளிவான விளக்கவுரை வேண்டுமோ?

5. பெரென்னியுவின் கெர்தோவும் கர்த்தருக்குள் இருப்போரும்

ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை நம்முள் எத்தனை பேர் பிரசங்கித்துள்ளோம்? 8ஆம் அதிகாரத்தையும் 12ஆம் அதிகாரத்தையும் பன்முறை எடுத்தாளும் நாம், வெறும் பெயர்களின் வரிசையென்று இதனை விட்டுவிடுகிறோம். வழிபாட்டில் வாசிக்க நேரின் உச்சரிப்பதற்கே இடர்ப்படுகிறோம். ஆனால் அரெத்சோ முத்திரைகளை வாசித்தபின் இவ்வதிகாரத்துக்குத் திரும்புவோருக்கு வியப்பு ஒன்று காத்திருக்கிறது. அம்பிலியா, உர்பான், பெர்சியாள், எர்மே, பிலொலோகு, நேரே என்னும் இப்பெயர்கள் அக்காலத்தில் அடிமைகளிடையிலும் விடுதலைபெற்ற அடிமைகளிடையிலும் பெரிதும் வழங்கியவை என்பதை ரோமானியக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு அறிஞர் காட்டியுள்ளனர். ஏறத்தாழ கி.பி. 57இல் எழுதப்பட்ட இந்நிருபமும் அக்கிண்ணங்களும் ஒரே நூற்றாண்டின் குரல்கள். கிண்ணத்தின் அடியில் இருந்த பெயர்களின் உறவினரே இவர்கள்.

வடிவிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 10, 11 ஆகிய வசனங்களில் அரிஸ்தோபூலுவின் வீட்டாரும் நர்கீசுவின் வீட்டாரும் வாழ்த்தப்படுகின்றனர். முத்திரையில் உள்ள அதே ஆறாம் வேற்றுமை இங்கும் உள்ளது, இவர்களும் இன்னாருடையவர்கள். ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. நர்கீசுவின் வீட்டாருள் ஆண்டவருக்குள் இருப்போரை வாழ்த்துகிறார். உடைமையாளராகிய அரிஸ்தோபூலுவுக்கும் நர்கீசுவுக்கும் வாழ்த்து இல்லை, அவர்களுடையவர்களுக்கே வாழ்த்து. பெயர்களைத் தொடர்ந்து வரும் அடைமொழிகளை நோக்குவோமாயின் அன்பு, உழைப்பு, உடன்ஊழியம், ஆண்டவருக்குள் இருத்தல் ஆகியவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. உடைமையைக் குறிக்கும் ஆறாம் வேற்றுமை, இருப்பிடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்கு இடங்கொடுக்கிறது. ஒருவன் யாருடையவன் என்பதைவிட யாருக்குள் வாழ்கிறான் என்பதே அவனை அடையாளப்படுத்துகிறது. இலக்கணத்தில் நேர்ந்த இம்மாற்றத்தில் நற்செய்தியின் சமூகப் பொருள் அடங்கியிருக்கிறது என்பது நம் துணிபு.

இன்னும் ஒன்று. 22ஆம் வசனத்தில் நிருபத்தைக் கைப்பட எழுதிய தெர்தியு தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். ‘மூன்றாமவன்’ என்பது அப்பெயரின் பொருள். அடுத்த வசனத்தில் நகரத்தின் பொருளாளராகிய ஏரஸ்துவும் ‘நான்காமவன்’ எனப் பொருள்படும் குவர்த்துவும் ஒன்றாக வருகின்றனர். கொரிந்து நகரில் 1929இல் கண்டெடுக்கப்பட்ட தளக்கல்வெட்டு ஒன்று, ஏரஸ்து என்பவர் தம் செலவில் தளம் அமைத்ததைக் கூறுகிறது. நிருபத்தில் வருபவர் அவர்தாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று உறுதி. கல் கொடையாளர் ஒருவரின் பெயரை மட்டும் வைத்திருக்கிறது. நிருபமோ உயர் பதவியாளரையும் எண்ணால் பெயரிடப்பட்டவரையும் ஒரே வசனத்தில் வைத்து, பின்னவரைச் சகோதரன் என்கிறது.

பவுல் அடிமை முறையை ஒழித்தாரல்லர் என்னும் மறுப்பு எழும், அது உண்மையே. பிலேமோன் நிருபத்தில் ஒநேசிமுவின் விடுதலை வெளிப்படையாகக் கோரப்பட்டதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பின்வந்த நூற்றாண்டுகளில் திருச்சபை அடிமைகளை வைத்திருந்த குற்றத்தையும் நாம் மறைத்தலாகாது. எனினும் கணக்கில் இருந்த பெயரை அழைப்புக்குரிய பெயராக மாற்றிய இடத்தில்தான் ஒரு மாற்றத்தின் வித்து விழுந்தது. அவ்வித்து முளைக்காமற் போன இடங்களுக்குப் பொறுப்பு வித்தினுடையதன்று, நிலத்தினுடையது.

6. நம் கற்களும் நம் பிரசங்கங்களும்

இதுவரை கூறியவை அருங்காட்சியகங்களைப் பற்றியவை. ஆனால் அருங்காட்சியகத்தைக் குறை கூறி முடித்துக்கொள்வது எளிது. உண்மையில் கெர்தோவின் பெயரைப் பேணி, எண்ணிட்டு, ஆய்வாளர் வாசிக்கும்படி வைத்திருப்பது அதுவேயாகும். அத்தகைய பேணுதலைத் திருச்சபை செய்துள்ளதா என்று நம்மையே கேட்டல் வேண்டும்.

நம் ஆலயங்களுக்குள் நுழைந்தவுடன் கண்ணிற் படுபவை எவை? அடிக்கல் நாட்டியவரின் பெயர், பிரதிட்டை செய்தவரின் பெயர், கொடையாளரின் பெயர், அப்போதைய குழு உறுப்பினர்களின் பெயர். மின்விசிறியிலும் மேசையிலும் பெயர் உண்டு. கல் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், அரிசி பிடியாகச் சேர்த்துக் காணிக்கை படைத்த பெண்கள் ஆகியோரின் பெயர் இல்லை. மைகேனாசின் பெயரை வாயிலில் எழுதிய அரெத்சோவை நாம் எவ்வாறு குறை கூறுவோம்? புரவலர் மரபு நம் சபைகளிலும் புதுப்பெயர் கொண்டு வாழ்கிறது.

பிரசங்கத்தின் நிலையும் இதுவே. மத்தேயு 5:13ஐக் கொண்டு உப்பைப் பற்றி நாம் ஆற்றிய பிரசங்கங்கள் எண்ணில. உப்பு சுவை தரும், அழுகாமல் காக்கும் என்கிறோம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில்லை. கலிலேயக் கடலோரத்து மகதலாவுக்குத் தரிகேயா என்றொரு பெயரும் உண்டு என்பர். மீனுக்கு உப்பிடும் தொழிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உப்பும் மீனும் கூலியும் அறிந்த மக்களிடமே ஆண்டவர் பேசினார். உப்பளத்தில் கால் வைக்காத பிரசங்கியார் உப்பைச் சுவையென்றும் தூய்மையென்றும் மட்டும் விளக்குவார். உப்பளத்தில் நின்றவரோ, நீங்கள் உப்பாயிருக்கிறீர்கள் என்னும் சொல் அங்கு உழைப்போரின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்றும் எண்ணிப்பார்ப்பார். கடல்நீர் 3 பாகையிலிருந்து 25 பாகைக்கு வருவதற்குள் எத்தனை நாள் வெயில், எத்தனை பேர் கால்கள் என்று அவர் அறிவார்.

ஆகவே ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். பயணம் செல்வோர் செல்க. அரெத்சோவுக்கு வாய்ப்புடையோர் அங்கும் செல்க. சுவரோவியத்தில் மரம் சுமக்கும் ஆளின் முன் சற்றே நிற்க. கண்ணாடிப் பேழையிலுள்ள கிண்ணத்தின் உட்புறத்தை எட்டிப் பார்த்து, அங்கே பெயர் உண்டா என வினவுக. அவ்வாறு பார்க்கப் பழகிய கண்ணோடு ஊர் திரும்புக. இறையியல் கல்லூரிகள் மாணவரைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அதே நாளில் மரக்காணத்திலும் இறக்குதல் நன்று. அங்குள்ளோரைக் காட்சிப்பொருளாய் நோக்க அன்று, அவர்களிடம் கேட்டறிய. வழிபாட்டின் பரிந்துரை மன்றாட்டில் ‘உழைப்பாளர் அனைவருக்காகவும்’ எனப் பொதுவாகச் சொல்வதோடு அமையாமல், அவரவர் சபைக்குள் கூலிவேலை செய்வோர் ஒருவரையேனும் வாரந்தோறும் பெயர் சொல்லி நினைப்பது அரிதன்று. ஆலயத்தின் நூற்றாண்டு மலர் தொகுப்போர், ஆயர்களின் வரிசையை அச்சிடுவதற்கு முன் முதியோரிடம் சென்று, இக்கட்டடத்துக்குக் கல் சுமந்தோர் யாவர் எனக் கேட்டு எழுதுவாராக. இன்னும் பத்து ஆண்டுகள் கழிந்தால் அப்பெயர்களைச் சொல்வார் இரார்.

திருவிருந்தில் கிண்ணத்தை ஏந்தும் பணி நமக்கு அருளப்பட்டுள்ளது. பருகி முடித்து, கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் நேரத்தில் அதன் அடிப்பகுதி நம் கண்முன் வருகிறது. அங்கே முத்திரை ஏதும் இராது. ஆனால் அக்கிண்ணத்தைச் செய்தவரும், அப்பத்துக்கு உப்பளித்தவரும், மேசைக்கு முன் மண்டியிட்டோரும் யாருக்குள் இருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். மரக்காணத்து அம்மூதாட்டியின் பெயரைச் சொல்லி அன்று மாலை எங்கள் கல்லூரிச் சிற்றாலயத்தில் மாணவர் ஒருவர் மன்றாடினார். மாணவர் பலர் அன்றுதான் ரோமர் 16ஐ முதன்முறையாக முழுவதும் வாசித்தனர்.